கடைசி நீலம்

"செத்துப்போன பிள்ளையோட உதட்டு நிறத்துக்குப் பேர் வச்சு விப்பாங்களாம்மா? நாமெல்லாம் மனுஷங்கதானே?"

மேனேஜர் கேட்டபோது கலர் அக்கா கலக்குகிற கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த லிப்ஸ்டிக் கம்பெனியில் நிறத்தைக் கலக்குபவர்தான் அதற்குப் பேரும் வைக்க வேண்டும். 'திருட்டுச் சிரிப்பு', 'மருமகள் கோபம்' எல்லாம் அவள் வைத்த பேர்கள்தான். கடைகளில் பிய்த்துக்கொண்டு போயின. இந்த முறை சாம்பல் ஓடிய ஒரு நீலம். 'கடைசி நீலம்' என்றாள். இளசுகளுக்குப் பிடிக்கும் என்று முதலில் கைதட்டியவரே நம் மேனேஜர்தான்.

கடைக்கு வந்த வாரமே ஒருவர் இணையத்தில் எழுதினார். 'என் மகன் மூச்சு நின்றபோது அவன் உதடு இந்த நிறத்தில்தான் இருந்தது. இதற்குப் பேர் கடைசி நீலமா?'

அவ்வளவுதான், ஊரே கொதித்துவிட்டது. பெட்டி பெட்டியாகச் சரக்கு திரும்பி வந்தது.

கம்பெனி வழக்கம்போல 'மனம் வருந்துகிறோம்' என்றது. பேரை 'மயில் கழுத்து' என்று மாற்றியது. யாரும் மசியவில்லை. கடைசியில் அந்த அப்பாவையே வரவழைத்து, பேர் வைத்தவளை அவரிடம் மன்னிப்புக் கேட்க வைத்து, படம் பிடித்துப் போட்டுவிடலாம் என்று மேலிடத்தில் முடிவானது. வரவேற்பறையில் கேமரா தயார்.

"வெளிய வந்து ரெண்டு வார்த்தை சொல்லிடுங்கம்மா. இல்லன்னா வேலை போயிடும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

"நான் வரல சார். வேணும்னா அவரை இங்க கூட்டிட்டு வாங்க."

மேனேஜருக்கு நிறம் கலக்கும் அந்த அறையில் நிற்கவே பிடிக்காது. அவருக்கென்ன, யாருக்குமே பிடிக்காது. இந்த நிறத்துக்காக அவள் மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தாள். உதட்டில் பூசிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, மூச்சை அடக்கிக் கண்ணாடி முன்னால் உட்காருவாள். பிறகு துடைத்துவிட்டு முனகுவாள். "இல்ல. இதுல இன்னும் உயிர் இருக்கு."

அதைக் காதால் கேட்ட பேக்கிங் பெண்கள் அந்தப் பக்கம் தனியாக வருவதையே விட்டுவிட்டார்கள். நிறம் சரியாக வந்த அன்று, "போயிடுச்சு" என்றாளாம். அவ்வளவு நிம்மதியாக.

மேனேஜர் போய் அந்த அப்பாவை அழைத்து வந்தார். கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அவள் நாற்காலியில் சாய்ந்து கிடந்தாள். உதட்டில் அந்த நீலம். பாதி மூடிய கண். மார்பு ஏறி இறங்கவில்லை.

"அம்மா, விளையாடாதீங்க. எந்திரிங்க."

அவள் அசையவில்லை. மேனேஜர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

அப்பா அவரைத் தாண்டி உள்ளே போனார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் வந்திருந்தார். குனிந்து அந்த உதட்டையே பார்த்தார்.

"உங்க வீட்டுல யாரும்மா?" என்றார்.

அவள் கண்ணைத் திறந்தாள். "பொண்ணு."

"என்ன சார் கேக்குறீங்க?" என்றார் மேனேஜர், ஒன்றும் புரியாமல்.

"இது யோசிச்சுக் கலக்குற நிறம் இல்ல சார். பார்த்தவங்களுக்குத்தான் வரும்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "சாயங்காலம் மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. டாக்டருக்குப் போன் பண்ணேன். உதடு நீலமா இருக்கான்னு கேட்டாரு. லேசா இருக்குன்னேன். அப்ப நாளைக்குக் கூட்டிட்டு வாங்கன்னாரு. விடியறப்ப இந்த நிறத்துக்கு வந்துட்டா. கலர் கலக்கியே சோறு திங்கிறவ நான். எது லேசுன்னு எனக்கே சொல்லத் தெரியல."

அப்பாவின் கையைப் பிடித்து அதன் பின்பக்கம் லிப்ஸ்டிக்கால் லேசாக ஒரு கோடு இழுத்தாள். "லேசா இழுத்தா இப்படி வரும். உதடு இப்படி இருந்தா உடனே தூக்கிட்டு ஓடணும்." பக்கத்திலேயே அழுத்தி இன்னொரு கோடு. "இப்படி ஆயிட்டா ஓடிப் பிரயோஜனம் இல்ல."

"அதுக்கு எதுக்கும்மா லிப்ஸ்டிக்? ஆஸ்பத்திரிச் சுவத்துல ஒட்டச் சொல்லலாமே?" என்றார் மேனேஜர்.

"சுவத்தை எந்த அம்மா சார் வீட்டுக்குக் கொண்டுபோவா? இதுன்னா கைப்பையில கிடக்கும்."

"ஏன் முதல்லயே சொல்லல?"

"சொல்லியிருந்தா விக்க விட்டிருப்பீங்களா?"

மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "இதை அப்படியே வெளிய வந்து சொல்லுங்கம்மா. கேமரா ரெடியா இருக்கு. நடுவுல லேசா அழுதா இன்னும் நல்லாருக்கும்."

அந்த அப்பா அவர் பக்கம் திரும்பவே இல்லை. கையிலிருந்த இரண்டு கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல சின்னவன் இருக்கான்மா. அவனுக்கும் இழுப்பு வருது. எனக்கு ஒண்ணு குடுங்க."