உடும்பு பிடித்த பந்து

பக்கத்துத் தோப்பு அணிக்காக வருஷம் முழுக்கக் கோல் போட்ட முயல், சொந்தக் காட்டுக்காக வேறொரு காட்டோடு ஆடிய இறுதி ஆட்டத்தில் கடைசியாக உதைத்த பெனால்டி கோலாகவில்லை. காடு தோற்றது.

"தோப்புக்குன்னா கால் பறக்குது, நமக்குன்னா மட்டும் மரத்துப்போயிடுமோ?" என்று காகம் கிளை கிளையாகப் போய்க் கரைந்தது. காலையில் முயலை மைதானத்துக்கு முதுகில் சுமந்து வந்த மான்கூட, திரும்பும்போது கண்டுகொள்ளாமல் போய்விட்டது. அதுவரை போட்ட கோலெல்லாம் எந்தப் புதரில் போய் ஒளிந்துகொண்டனவோ!

முயல் ஆற்றங்கரையில் தனியாக உட்கார்ந்திருந்தது. எதிரணியின் கோல்கீப்பரான உடும்பு கோபமாக வந்தது.

"ஏன் தம்பி, நீ கோட்டை விட்டுட்டேன்னே எல்லாரும் பேசுறாங்களே! நீ சரியாத்தான் உதைச்சே. நான்தான் பாய்ஞ்சு பிடிச்சேன். உடும்புப் பிடி! அதை ஒருத்தராவது சொன்னாங்களா?"

முயல் துள்ளி எழுந்தது. "அண்ணே, இதை எங்க காட்டுல வந்து சொல்றீங்களா?"

"சொல்லலாம். ஆனா நான் எதிரணியாச்சே. நீ எங்ககிட்ட விலைபோயிட்டேன்னுல்ல கிளப்பிவிடுவாங்க."

முயல் மறுபடி உட்கார்ந்தது, இந்தத் தடவை உடும்புக்குப் பக்கத்தில்.

"அப்ப அங்க வேண்டாம்ணே. எனக்கு மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க."