சித்திரையில் கம்பளி சாக்ஸ்

மாப்பிள்ளை வீட்டார் காபி குடித்து முடிக்கும்வரை யாரும் என் காலைப் பற்றிக் கேட்கவில்லை.

சித்திரை மாதத்து மதியம். மின்விசிறி சூடான காற்றைத்தான் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. பட்டுச்சேலைக்குக் கீழே என் இரண்டு கால்களிலும் சாம்பல் நிறக் கம்பளி சாக்ஸ்.

"ஏங்கண்ணு, இந்த வெயில்ல இதென்ன வேஷம்?" என்று சிரித்தார் மாப்பிள்ளையின் பெரியம்மா பானுமதி.

அம்மா முந்திக்கொண்டாள். "லடாக்குல இருந்து வந்து ஒரு வாரந்தானுங்க ஆவுது. இன்னும் அவளுக்குக் குளிரு வுடல."

"ஐஸ் பொட்டியில வச்ச மீனாட்டம்" என்றார் மாப்பிள்ளையின் மாமா. எல்லோரும் சிரித்தார்கள்.

உண்மை நேர்மாறானது. வியர்ப்பதும் ஒரு பழக்கந்தான். மாதக்கணக்கில் குளிரில் கிடந்த உடம்புக்கு அது மறந்துபோகும். திரும்பக் கற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து நாளாகும். அதுவரை சூடு வெளியேற வழி தெரியாமல் உள்ளேயே நிற்கும்.

கம்பளியும் தானாகச் சூடு தருவதில்லை. இழைகளுக்கு நடுவே காற்றைப் பிடித்துவைத்து, நம் சூட்டை நம்மிடமே நிறுத்துகிறது. அங்கே அது என்னைக் காப்பாற்றியது. இங்கே என் காலை வேகவைத்துக்கொண்டிருந்தது.

வலது காலில் எனக்கு இரண்டு விரல்கள் இல்லை. சாக்ஸின் நுனி தொய்ந்தால் தெரிந்துவிடும் என்று அம்மா அதில் இலவம்பஞ்சை அடைத்து, காலையில் கதவிடுக்கு வழியாக நீட்டினாள்.

ஏற்கெனவே இரண்டு இடத்தில், விஷயம் கேள்விப்பட்டதும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அதனால் இவர்கள் பூ வைத்துவிட்டுப் போகட்டும், பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அம்மாவின் கணக்கு.

நான் பாதிக்குத்தான் ஒப்புக்கொண்டேன். கேட்காதவரை சொல்ல மாட்டேன். கேட்டால் மறைக்க மாட்டேன்.

பூ வைத்தார்கள். அதோடு முடிந்தது என்று அம்மா மூச்சு விட்டபோது, பானுமதி தன் பர்ஸிலிருந்து ஒரு வெள்ளை நூலை எடுத்தார்.

பூ வைத்த கையோடு பெண்ணின் கால்விரலை நூலால் அளந்துகொண்டு போவது அவர்கள் பக்கத்து வழக்கமாம். அந்த அளவுக்குத்தான் மெட்டி வாங்குவார்களாம். எங்கள் பக்கம் அப்படி ஒன்று கிடையாது. அம்மாவின் முகம் வெளுத்தது.

"எடது காலுல எடுத்துக்குங்களேன். ரெண்டும் ஒண்ணுதானுங்களே."

"வலது காலுதானுங்க எங்க மொறை. கழட்டு கண்ணு."

கேட்டுவிட்டார்கள். நான் சாக்ஸை உருவினேன். விசிறிக் காற்றில் பஞ்சு பறந்துபோய் மாமாவின் மீசையில் ஒட்டியது.

மெட்டி போடும் விரல், பெருவிரலுக்கு அடுத்தது. என் காலில் அந்த இடத்திலும் அதற்கடுத்த இடத்திலும் வழவழப்பான தழும்பு மட்டும் இருந்தது.

நானே சொல்ல ஆரம்பித்தேன்.

மலையைக் குடைந்து பாதை போடும் வேலை என்னுடையது. ஒருநாள் பாறை சரிந்து ஆட்கள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். வெளியிலிருந்து ஒரு பெரிய விசிறி, குழாய் வழியாக அவர்களுக்குக் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். அதை ஓட்டுவது டீசல் ஜெனரேட்டர். கடுங்குளிரில் டீசலில் கரைந்திருக்கும் மெழுகு பிரிந்து கூழாகி வடிகட்டியை அடைத்துவிடும். அடைக்க அடைக்க, நானும் மெக்கானிக்கும் வெந்நீர் ஊற்றி இளக்கிக்கொண்டே இருந்தோம். அந்த வெந்நீர் என் பூட்ஸுக்குள் இறங்கி, ஆறி, உறைந்தது.

குளிர் மிஞ்சினால் உடம்பு ஒரு முடிவெடுக்கும். இதயத்துக்கும் மூளைக்கும் ரத்தம் வேண்டும் என்று, கடைக்கோடியில் இருக்கும் விரல்களுக்குப் போகும் வழியைச் சுருக்கிவிடும். விரல் மரத்துவிடுவதால் வலிகூடத் தெரியாது. கறுத்த பிறகுதான் தெரியும்.

உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் நடந்தே வெளியே வந்தார்கள் என்பதையும் சொன்னேன்.

பானுமதி கெட்டவர் இல்லை. முழுதும் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சேலத்துல ரப்பர் வெரலு செஞ்சு தர்றாங்களாம் கண்ணு. கல்யாணத்தன்னிக்கு மாட்டிக்கிட்டா ஒருத்தருக்கும் தெரியாது."

மாப்பிள்ளை மாதேஸ்வரன் அவசரமாகத் தலையாட்டினான். மாமாவும் ஆட்டினார். சம்பந்தம் பிழைத்துவிட்டது, நான் சரி என்றால் போதும். அம்மா கண்ணாலேயே என்னைக் கெஞ்சினாள்.

"இருக்கிற வெரலுக்கு அளவெடுங்க பெரியம்மா. இல்லாத வெரலுக்கு வேண்டாங்க."

"பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க கண்ணு?"

"கேட்டா சொல்லுங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்றேன்."

பானுமதியின் கையில் நூல் தொங்கியது. அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். அவன் சுவரைப் பார்த்தான்.

அப்போது அம்மா எழுந்து வந்து அந்த நூலை அவர் விரல்களிலிருந்து உருவிக்கொண்டாள். தரையில் உட்கார்ந்து என் காலை மடியில் எடுத்து வைத்தாள்.

ஊருக்கு வந்த நாளிலிருந்து அம்மா அந்தக் காலைப் பார்த்ததே இல்லை. நான் தழும்புக்கு எண்ணெய் தடவும்போதெல்லாம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவாள்.

தழும்பின்மேல் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டினாள். நான்காவது விரலில் நூலைச் சுற்றி, அளவு பார்த்து, பல்லால் கடித்து அறுத்தாள். அதைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டு நிமிர்ந்தாள்.

"அளவு எங்ககிட்டயே இருக்கட்டுங்க" என்றாள் பானுமதியிடம். "வேணும்னு தோணுனா வந்து கேட்டு வாங்கிக்குங்க."