இரண்டாவது நிமிடம்

"மறுபடி நின்னுடுச்சுடி. வாயைப் பாதி திறந்தபடி நிக்கற, பார்க்கச் சகிக்கல," என்றாள் மேக்னா. நேர்முகத் தேர்வு ஒத்திகைக்காகப் போட்டிருந்த வீடியோவைத் துண்டித்துவிட்டு இப்போது ஃபோனில் வந்திருந்தாள்.

சாதனாவுக்கும் தெரிந்திருந்தது. லேப்டாப் திரையின் மூலையில் அவள் முகம் அப்படியேதான் நின்றது.

"குரலாவது வந்துதா?"

"அதுவும் இல்ல."

"சரியா எப்போ நின்னுது?"

"பேர், ஊர், மார்க் எல்லாம் நல்லா வந்துது. உன்னைப் பத்திச் சொல்லுன்னு கேட்டேன் பாரு, அப்போ."

சாதனா நோட்டில் குறித்துக்கொண்டாள்: இரண்டாவது நிமிடம். இதற்கு முந்தைய இரண்டு ஆன்லைன் நேர்முகத் தேர்வுகளிலும் இதே இடம்தான். "உங்க வீடியோ நின்னுடுச்சு, அப்புறம் கூப்பிடறோம்" என்றவர்கள் கூப்பிடவே இல்லை. மூன்றாவது இன்று மூன்று மணிக்கு. சென்னையில் ஆய்வகக் கருவிகள் செய்யும் நிறுவனம். பௌதிகம் படித்ததிலிருந்து அவள் மனதார ஆசைப்பட்ட ஒரே வேலை.

"ரெண்டு நிமிஷத்துல ப்ராசஸர் சூடாகுதுன்னு நினைக்கறேன்," என்றாள்.

"நீ பிஎஸ்ஸி பிசிக்ஸ். நீ சொன்னா சரி." காளிகாட்டில் தன் அப்பாவின் முறுக்குக் கடையில் உட்கார்ந்திருந்த மேக்னாவுக்கு வாடிக்கையாளர் காத்திருந்தார்.

லேப்டாப்பைத் தட்டிப் பார்க்கிற ரகமல்ல சாதனா. விஞ்ஞானம் படித்தவள். ஒரு சமயத்தில் ஒரு மாற்றம், பிறகு ஒரு சோதனை.

முதலில் அனிமேஷன்களை அணைத்தாள். மேக்னா அதே கேள்வியைக் கேட்டதும் வீடியோ நின்றது. லேப்டாப் திறந்ததும் தானாக ஓடும் ஏழு செயலிகளை நிறுத்தினாள். நின்றது. தேவையில்லாத ஃபைல்களை அழித்தாள். பவர் செட்டிங்கை அதிக வேகத்துக்கு மாற்றினாள். லேப்டாப் பறந்தது. அந்தக் கேள்விக்கு மட்டும் நின்றது.

"ஆரே பாபா," என்றாள் மேக்னா ஐந்தாவது முறை. "எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. உன்னைப் பத்தி நானே சொல்லிடவா?"

மிச்சமிருந்தது இணைய வேகம். இதுவரை படுக்கையறையில், வெறும் சுவரைப் பின்னால் வைத்து உட்கார்ந்திருந்தாள். பின்னணி அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தாள். ரௌட்டரோ ஹாலில். அவர்கள் வீடிருந்த பாலிகஞ்சில் நான்கு நாளாக மழை, ஹால் நாற்காலிகள் முழுக்க ஃபேனுக்கடியில் ஈரத்துணி. பரவாயில்லை, வேகம்தான் முக்கியம்.

"அம்மா, மூணு மணிக்கு நான் ஹால்ல இருப்பேன். சத்தமே வரக்கூடாது."

"நான் எங்கடி சத்தம் போடறேன்?" என்றாள் வசுமதி. "காஞ்சதை எடுத்து வைக்கணும், அவ்வளவுதான்."

"சத்தம் மட்டும் வேண்டாம்."

வசுமதி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். மூன்று மணிக்கு ஹாலில் சத்தமே இல்லை.

திரையில் அகிலா என்று ஒரு மேடம், நரைத்த தலை, மூக்கு நுனியில் கண்ணாடி. பெயர், கல்லூரி, மதிப்பெண், ப்ராஜெக்ட். சாதனா தெளிவாகச் சொன்னாள். இரண்டாவது நிமிடம் கடந்தது. மூன்றாவதும் கடந்தது. ரௌட்டர்தான் என்று மனதுக்குள் நோட்டில் எழுதினாள்.

"சரி சாதனா, உங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க."

மூலையில் அவள் முகம் நின்றது. வாய் பாதி திறந்திருந்தது. ஐந்து விநாடி. பத்து விநாடி.

"ஹலோ, சாதனா?"

"சாரி மேடம்," குரல் ஒருவழியாக வந்தது. "லேப்டாப்தான். எல்லா செட்டிங்கும் மாத்திட்டேன், இருந்தும் வீடியோ அப்பப்போ நின்னுடுது."

அகிலா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தார்.

"வீடியோ நிக்கலையேம்மா. உங்க பின்னாடி ஃபேன் சுத்துது, அம்மா இப்போ மூணாவது சட்டையை மடிக்கறாங்க, நீங்க ஒருத்தர்தான் அசையல," என்றார். "அவசரமில்ல, அவங்க மடிச்சு முடிக்கட்டும், நீங்க மெதுவா ஆரம்பிங்க."