தையலுக்கு ஒரு இஞ்ச்

காலை வெயில் தெருவோர மழைநீர்க் கால்வாயின் புது சிமென்ட்டில் பட்டுக் கண் கூசுகிறது. போன மழையில் வீடுகளுக்குள் புகுந்த தண்ணீர் சுவர்களில் இன்னும் கோடாக நிற்கிறது. கால்வாய் இரண்டடி ஆழம் என்கிறது, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு வாங்கிய ஒப்பந்த நகல். நூலகத்தில் நடக்கும் சட்ட வகுப்பில் அதைத் தெருவே உட்கார்ந்து வரிவரியாகப் படித்திருக்கிறது. தையல்கார அக்கா மண்டியிட்டு, கழுத்தில் தொங்கிய டேப்பை உள்ளே இறக்குகிறார். "பதினாறு இஞ்ச்." பஸ் டிரைவர் நோட்டில் எழுதுகிறார். "துணி டேப்பும்மா, முன்னப்பின்ன காட்டும்," என்று சிரிக்கிறார் கால்வாயைக் கட்டிய பொறியாளர். அக்கா எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிவிடுகிறார். "ஆமா சார், பழக்கதோஷம். தையலுக்குன்னு ஒரு இஞ்ச் சேத்துச் சொல்லிட்டேன். பதினஞ்சுதான்." டிரைவர் பதினாறை அடித்துவிட்டுப் பதினைந்து என்று எழுதுகிறார். டேப்போடு தெருவும் அடுத்த வாசலுக்கு நகர்கிறது.