செருப்பு வார்

இப்போதெல்லாம் ஒரு பிள்ளை பிறப்பதென்றால் ஊரே முடிச்சவிழ்க்கக் கிளம்பிவிடுகிறது. என் மகள் மிர்ரினா நேற்றிலிருந்து வலியில் கிடக்கிறாள். முடிச்சு இருக்கிற வீட்டுக்குள், கையில் பந்தம் ஏந்திய பேற்றுத் தெய்வம் எய்லித்தியா வரமாட்டாளாம்; கால்மேல் கால் போட்டாலும் அது முடிச்சுதானாம். பின்னல், இடைக்கச்சை, ஆட்டுக்கயிறு எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டார்கள். நான் மட்டும் செருப்பு வாரை இறுக்கிக் கட்டி, முற்றத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பிற்பகல் வெயில். சில்வண்டுகளின் இரைச்சல் சட்டென்று அடங்குகிறது. மகளின் முனகலும் அடங்குகிறது. எங்கும் தீ இல்லை, ஆனால் பந்தம் எரிகிற வாடை வருகிறது. வாசற்படியில் ஒரு பெண்ணின் நிழல் விழுந்திருக்கிறது. நிழலுக்கு ஆள் இல்லை. உள்ளேயிருந்து மருத்துவச்சி ஃபனோ கத்துகிறாள்: “யோவ் கிழவா, காலைப் பிரிய்யா! அவ வாசல்லயே நிக்கிறா!” “என் காலு உன்னை என்னடி பண்ணுச்சு?” “உன் மக செத்துப்போவாய்யா!” பிரிக்கிறேன். நிழல் படியேறி உள்ளே போகிறது. குழந்தை வீறிடுகிறது, கூடவே சில்வண்டுகளும். “ரெண்டு உசிரும் பொழச்சுது, பாத்தியா?” என்கிறாள் ஃபனோ. “எப்படியும் பொறந்திருக்கும், போடி” என்று சொல்லிவிட்டு, ஓடிப்போன ஆட்டைத் தேடிக் கிளம்புகிறேன். செருப்பு வார் இரண்டும் அவிழ்ந்து மண்ணில் இழுபடுகின்றன. நான் அவிழ்க்கவில்லை. பழைய வார், தானாகவே அவிழ்ந்திருக்கும்.