சாட்சிக்குப் பின்

அவர் சொல்லி முடித்தபோது சபை அழுதுகொண்டிருந்தது.

பலிபீடத்துக்கு முன்னால் மைக்கைப் பிடித்தபடி நின்றார்.

இருபத்திரண்டு வருஷத்துப் பாவம். ஆறு நிமிஷத்தில் சொல்லி முடித்திருந்தார். பாடகர் குழுவை நடத்திவந்த ஒரு பெண்ணைப் பற்றி, அவள் வேலைபார்த்த பள்ளிக்கூடத்துக்கு மொட்டைக் கடிதம் எழுதியது. அவளுடைய நடத்தையைப் பற்றி எழுதிய ஒவ்வொரு வரியும் பொய் என்பது. சாத்தான் தன்னை ஏவினான் என்பது.

பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

போதகர் அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டார். "இதுதான் மனந்திரும்புதல்" என்றார், சபையைப் பார்த்து.

ஆராதனை முடிந்ததும் வாசலில் வரிசையாக வந்து கைகொடுத்தார்கள். ஒரு வயதான பெண் அவருடைய கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உடம்பு இலேசாகிவிட்டதுபோல இருந்தது அவருக்கு.

மனைவி மட்டும் அந்த வரிசையில் வரவில்லை. அவளும் இன்றுதான், மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, இதைக் கேட்டாள்.

ஆட்டோவில் வரும்போது கேட்டாள்.

"எப்சிபா டீச்சர் கோயில்ல இருந்தாங்களா?"

"இல்ல. அவங்கதான் அப்பவே ஊரை விட்டுப் போயிட்டாங்களே."

"பிறகு யாருட்ட சொன்னீங்க?"

அவர் சாப்பிடவில்லை. விலாசம் விசாரித்துக்கொண்டு மத்தியானப் பஸ்ஸில் ஏறினார்.

எப்சிபா கதவைத் திறந்தாள். கையில் சிவப்பு மைப்பேனா. மேசையில் டியூஷன் பிள்ளைகளின் விடைத்தாள்கள். அவரைப் பார்த்ததும் கொஞ்சம் யோசித்தாள். பிறகு முகம் மலர்ந்தது.

"குவயர்ல அடிக்குரல்ல பேஸ் பாடுவீங்கல்லா! வாங்கண்ணாச்சி, வாங்க."

தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் நின்றுகொண்டே சொன்னார். இங்கே ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அழுகையும் வரவில்லை.

அவள் உட்கார்ந்தாள்.

"எதுக்கு?"

சாத்தானைச் சொல்ல வாயெடுத்தார். அந்த முகத்துக்கு முன்னால் முடியவில்லை.

"கிறிஸ்மஸ் பாட்டுப் படிக்கும்போது, எனக்குச் சுதி இறங்குதுன்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

அவள் நினைவுபடுத்திப் பார்த்தாள்.

"எனக்கு ஞாபகமே இல்லையே."

தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெகுநேரம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. போய்விடலாம் என்று நினைத்தார். போகவில்லை.

வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"டீச்சர், என்னை மன்னிச்சி..."

"அது கிடக்கட்டும். மதுரையில எங்க அண்ணன் இருக்கான். அந்தக் கடிதத்தை ஸ்கூல்ல அவன் கையிலதான் குடுத்தாங்க. எனக்கு நிச்சயம் பண்ணியிருந்த கல்யாணத்தை அவனே போய் நிறுத்தினான். எங்கம்மா அடக்கத்துக்கு என்னை வீட்டுக்குள்ள விடல."

விடைத்தாள்களை அடுக்கினாள். ஏற்கெனவே அவை அடுக்கித்தான் இருந்தன.

"அவன்ட்ட வந்து சொல்லுங்க."

"சொல்லுதேன்."

"நானும் வருவேன். நீங்க சொல்லுததை நான் பாக்கணும்."

சனிக்கிழமை காலையில் பஸ் ஏறினார்கள். அவள் முன்னால், அவர் நான்கு இருக்கை பின்னால். கோவில்பட்டியில் இறங்கி இரண்டு டீ வாங்கிவந்தார். அவள் தலையசைத்து மறுத்தாள். இரண்டையும் அவரே குடித்தார்.

மதுரையில் வெயில் ஏறியிருந்தது. இரும்புக் கேட் போட்ட சின்ன வீடு. அவள் கேட்டுக்கு வெளியே, மதில் மறைவில் நின்றுகொண்டாள்.

"போங்க."

அவர் கேட்டைத் திறந்து, திரும்பக் கொண்டி போட்டுவிட்டு, படியேறி அழைப்புமணியை அழுத்தினார்.

திறந்தவர் ஜெபமணி, அவளுடைய அண்ணன். தலை முழுக்க நரை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார்.

"யாரு வேணும்?"

"உங்க தங்கச்சியைப் பத்தி வந்த கடிதம்... அதை எழுதுனது நான். அத்தனையும் பொய். எனக்கு அவங்க மேல கோபம். அவ்வளவுதான் காரணம். அவங்க ஒரு தப்பும் பண்ணல."

அடி விழும் என்று எதிர்பார்த்தார். விழுந்தால் நன்றாயிருக்கும் என்றுகூடத் தோன்றியது.

ஜெபமணி கதவைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடி நழுவித் தரையில் விழுந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"அவ எங்க?"

கேட்டைக் காட்டினார்.

ஜெபமணி அவரை இடித்துக்கொண்டு இறங்கினார். செருப்பில்லை. கொதிக்கும் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நடந்தார். ஓடவும் செய்தார்.

கொண்டியைத் திறக்க வரவில்லை அவருக்கு. தினமும் திறக்கிற கொண்டி. இழுத்தார், அசைத்தார், கம்பியில் நெற்றியை வைத்து நின்றுவிட்டார்.

வெளியிலிருந்து ஒரு கை உள்ளே நீண்டு அதைத் தூக்கியது.

இவர் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இவரை யாரும் பார்க்கவில்லை. மன்னித்தேன் என்று யாரும் சொல்லவில்லை.

கீழே கிடந்த கண்ணாடியை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தார். பிறகு படியிலிருந்து இறங்கி, சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.

இரண்டு பேர் உள்ளே போக வழி வேண்டும்.