ஏழாம் ஓட்டைக் கள்ளன்

"கள்ளன் இந்த ஆப்பிசுக்குள்ளதான் ஈக்கிறான்! யாரா இருந்தாலும் இன்னைக்கே வீட்டுக்கு!"

மொதலாளி பதுர்தீன் ஹாஜியார் போட்ட சத்தத்துல, கராம்பு மூட்டை மேல தூங்கிக்கிட்டிருந்த பூனை எறங்கி ஓடிருச்சு.

பின்ன? காலையில இருந்து இன்டர்நெட் செத்துப் போச்சு. பின்னேரத்துக்குள்ள டுபாய்க்கு மெயில் போகலன்னா, அங்க உள்ள யாவாரி கராம்ப வேற எடத்துல வாங்கிருவான்.

"யாரோ நம்ம லைன உறிஞ்சுறான். இந்தக் காலத்துல வெளியாள் எவனும் நம்ம லைன்ல பூந்து ஏதும் வில்லங்கம் பண்ணியிருந்தா, பொலிஸ் மொதல்ல என்னையத்தானே தூக்கும்!"

சிவலிங்கத்துக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷி. ஆப்பிஸ் கம்ப்யூட்டரெல்லாம் பாக்குறது அவன்தான். கெஞ்சிக் கூத்தாடி போன வாரந்தான், எல்லா வயரும் வந்து சேர்ற மெனேஜ்ட் சுவிச் பெட்டி ஒன்னு வாங்க வச்சான். வயர் குத்துற எந்த ஓட்டையால எவ்வளவு டேட்டா போகுதுன்னு அது புட்டுப் புட்டு வைக்கும்!

"இப்ப பாருங்க ஹாஜியார்!"

ஸ்கிரீன்ல எல்லாக் கோடும் தரையில கெடக்கு. ஏழாம் ஓட்டைக் கோடு மட்டும் கூரைய முட்டுது.

"ஏழுல யாரு?"

சிவலிங்கம் தலைய சொறிஞ்சான். "அது ஸ்டோர் பக்கம் போற வயர். அங்க பழைய சாதா சுவிச் ஒன்னு. அதுல நாலு கம்ப்யூட்டர். நாலுல யாருன்னு அது சொல்லாது. சும்மா லைட்ட மினுக்கிக்கிட்டு குந்தியிருக்கும்."

"அப்ப நான் வாங்கித் தந்த புதுப் பெட்டி?"

"அது தெருவ சொல்லும் ஹாஜியார். வீட்ட சொல்லாது. ஒவ்வொரு வயரா புடுங்குவோம். யாரப் புடுங்குறப்ப கோடு விழுதோ, அந்த ஆள்தான் கள்ளன்!"

மொத வயர்.

"அல்லாவே, என்ட இன்வொய்ஸ்!" இத்ரூஸ் அலறுனான். கோடு விழல.

அடுத்தது.

"நான் பாட்டெல்லாம் எறக்கல!" யாரும் கேக்காமலே கணக்கு நல்லையா சத்தியம் பண்ணுனாரு. கோடு விழல.

மெயில் அடிக்கிற மஸீனாவோடது. விழல. யாரும் தொடாத மூலைக் கம்ப்யூட்டர். ம்ஹூம்!

நாலையும் புடுங்கியாச்சு. கோடு இன்னும் கூரையிலதான்! சாதா சுவிச்சு லைட்டெல்லாம் வெசாக் பெருநாள் பந்தல் மாதிரி மினுங்குது.

"ஜின்னு!"ன்னான் இத்ரூஸ்.

"முனி!"ன்னாரு நல்லையா.

சிவலிங்கம் மேசைக்கடியில தவழ்ந்து போனான். அங்க ஒரு கட்டை வயர். ஒரு நுனி அந்த சுவிச்சுல. மறு நுனியும் அதே சுவிச்சுல! இரத்தோட்டை பஸ்ஸுல ஏறினவன் சுத்திச் சுத்தி ஏறின எடத்துலயே எறங்குற கணக்கா, ஒரே டேட்டா உள்ளுக்குள்ளயே ஓடு ஓடுன்னு ஓடிப் பெருகி, ஏழாம் ஓட்டை வழியா லைன் பூரா அடைச்சுக்கிட்டிருக்கு.

புடுங்கினான். கோடு தொப்புன்னு விழுந்துச்சு. மத்த வயரெல்லாம் திரும்பக் குத்துனான்.

"மெயில் போயிருச்சி!" மஸீனா கத்தினா.

ஹாஜியார் விடல. "இத சொருகினது யாரு? சொன்னா சொன்னதுதான், இன்னைக்கே வீட்டுக்கு!" கண்ணு நேரா ஆப்பிஸ் கூட்டுற காத்தாயி மேல போச்சு. "மேசைக்கடியில கூட்டுறது நீதானே?"

காத்தாயி வெளக்கமாற கீழ போட்டுட்டு ஓடி வந்தா. "மொதலாளி, எம்புள்ளைக மேல சத்தியமா நா அதத் தொடவே..."

"நான்தான் ஹாஜியார்." மஸீனா எழும்பி நின்னா.

ஹாஜியார் நீட்டின விரல மடக்கிக்கிட்டாரு. டுபாய்காரனுக்கு இங்கிலீஷ்ல எழுத அவள விட்டா ஆளே இல்ல.

"ம்... சரி, சின்னப் புள்ள. மன்னிச்சிட்டேன். ஆனா ஒன்னு. தெரியாத சாமான்ல கை வைக்கிறது மடையன்ட வேல! வெளங்குதா?"

நெஞ்ச நிமித்திக்கிட்டு ரூமுக்குள்ள போனாரு.

சிவலிங்கத்துக்குப் பொறுக்கல. "ஏன் தங்கச்சி அத சொருகின?"

"நானா? நேத்து ஆப்பிஸ் பூட்டுறப்ப ஹாஜியார்தான் குனிஞ்சு சொருகினாரு. வயர் சும்மா தொங்குது, ஒருத்தருக்கும் பொறுப்பில்லன்னு ஏசி ஏசி!"

"அடப்பாவமே! அத அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"எப்பிடி சொல்ற அண்ணே? சொன்னா சொன்னதுதான்னு அவரு வீட்டுக்குப் போயிட்டா, நமக்கெல்லாம் யாரு சம்பளம் போடுற?"